ஆலையில் விபத்து நடந்தால் கம்பெனி முதலில் யாரிடம் பேச வேண்டும்? செம்பூரில் என்னிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நான் மும்பை செம்பூரில் குடியிருக்கிறேன். தானே–பேலாப்பூர் ரோட்டில் உள்ள ரசாயனக் கம்பெனிகளில் 20 வருஷத்துக்கு மேல் மக்கள் தொடர்பு வேலை பார்த்தவன். பத்திரிகைக்கு அறிக்கை எழுதுவது, நிருபர்களிடம் பேசுவது, விபத்து நடந்தால் கேட்டில் போய் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். செம்பூர், தாராவி, மாட்டுங்கா பக்கம் நம் ஆட்களில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு ஆலையோடு சம்பந்தப்பட்டிருப்பார். ஆபரேட்டராக இருப்பார், கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருப்பார், பாதுகாப்பு அதிகாரியாக இருப்பார், ஒன்றுமில்லை என்றால் ஆலை மதிலை ஒட்டிக் குடியிருப்பார். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும், மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

விபத்து நடந்த உடனே கம்பெனியின் முதல் செய்தி யாருக்குப் போக வேண்டும்?

பக்கத்துத் தெருவுக்கு. டிவிக்கும் பங்குச் சந்தைக்கும் மந்திரி ஆபீசுக்கும் அப்புறம் போகலாம்.

காரணம் ரொம்ப எளிது. அந்த நேரத்தில் உங்கள் ஒரு வார்த்தையை நம்பி உயிர் பிழைக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கசிந்தது என்ன பொருள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா இல்லை கிளம்புவதா, கிளம்பினால் எந்தப் பக்கம் என்பதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத்தான் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. குளோரின், ஸ்டைரீன் மாதிரி காற்றைவிடக் கனமான வாயு என்றால் தரையோடு தவழ்ந்து வரும், தரைத்தளத்தில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும், குறுக்காகப் போனால் தப்பிக்கலாம். ஓடும்போது மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் இன்னும் ஆழமாக உள்ளே இழுப்போம். இந்த நான்கு வரியைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் பார்த்த அவசரகாலத் திட்டப் புத்தகங்களில் பத்திரிகை அறிக்கைக்கு மாதிரி வரைவு ஏழெட்டுப் பக்கத்துக்கு இருக்கும், தெருவுக்குச் சொல்ல வேண்டிய இந்த நான்கு வரி இருக்காது.

எல்லோரும் போபாலையே சொல்கிறார்கள். அது கசிவு விபத்துதானே, அதில் ‘பேச்சு’ எங்கே வந்தது?

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, விடிந்தால் 3. யூனியன் கார்பைடு ஆலையில் 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் போய், ஏறக்குறைய 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷவாயு ஊருக்குள் வந்தது. இது எல்லோருக்கும் தெரியும். அந்த இரவின் பேச்சை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

ஆலையில் சங்கு இருந்தது. ஊருக்குக் கேட்கும் அந்தச் சங்கு சிறிது நேரம் ஊதியது, உடனே நிறுத்திவிட்டார்கள். சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று கம்பெனி வைத்திருந்த நடைமுறை அது. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கான சங்கு மட்டும் தொடர்ந்து ஒலித்தது. வெளியே மறுபடி முழுதாக ஊதியபோது ஜனங்கள் ஏற்கெனவே தெருவில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஹமீதியா ஆஸ்பத்திரியில் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தவர்களை வைத்துக்கொண்டு டாக்டர்கள் இது என்ன வாயு, என்ன மருந்து கொடுப்பது என்று கேட்டபோது, கம்பெனி தரப்பிலிருந்து கிடைத்த பதில், இது கண் எரிச்சல் தருகிற வாயுதான், உயிருக்கு ஆபத்தில்லை என்கிற ரீதியில் இருந்தது. அந்தப் பொருள் தண்ணீரோடு சேர்ந்தால் வினைபுரியும், அதனால் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாலே பலருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். அதைச் சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு குடத்தில் தண்ணீர் இருந்தது, துண்டு இருந்தது. சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த சாவு எண்ணிக்கை 3,787. பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் சொல்வது அதைவிடப் பல மடங்கு. 2006-இல் அரசே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் காயமடைந்தவர்கள் 5,58,125 பேர் என்று இருக்கிறது. இதில் எத்தனை பேரை அந்த ஒரு வாக்கியம் காப்பாற்றியிருக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் என் வேலையில் சேரும் ஒவ்வொரு பையனிடமும் பெண்ணிடமும் நான் முதலில் சொன்னது இந்தக் குடத்துத் தண்ணீர் கதையைத்தான்.

சங்கு ஊதினால் ஜனங்கள் பயந்து ஓடி நெரிசலாகாதா? அதனால்தானே யோசிக்கிறார்கள்?

பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. அவர் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த வாதம்.

2020 மே 7, விசாகப்பட்டினம் ஆர்.ஆர். வெங்கடாபுரம். கொரோனா ஊரடங்கு தளர்ந்து ஆலையை மறுபடி ஓட்டத் தயாராகிக்கொண்டிருந்த எல்.ஜி. பாலிமர்ஸில் அதிகாலை மூன்று மணி வாக்கில் ஸ்டைரீன் ஆவி கசிந்தது. 12 பேர் செத்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்தவர்கள் ரோட்டிலேயே மயங்கி விழுந்த காட்சியை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். பிறகு ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு விசாரித்ததில், ஆலை வாசல் உட்பட 36 இடங்களிலிருந்து அபாயச் சங்கை இயக்க வசதி இருந்தும் ஒரு இடத்திலும் யாரும் இயக்கவில்லை என்று தெரிந்தது. போபாலுக்கு 35 வருஷம் கழித்து.

சங்கு ஊதாததால் ஜனங்கள் ஓடாமல் இருந்தார்களா? ஓடினார்கள், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிப் பழக்காத ஊரில்தான் பீதி வரும். மாதிரிப் பயிற்சி நடத்திய ஊரில் சங்குச் சத்தம் தகவலாகத்தான் காதில் விழும். 1989-இல் வந்த அபாயகர ரசாயன விதிகள்படி ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வெளியே மாவட்ட நிர்வாகம் வருஷத்துக்கு ஒருமுறையும் இந்தப் பயிற்சி நடத்த வேண்டும். உங்கள் தெருவில் கடைசியாக எப்போது நடந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

‘நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று எழுதுவதில் என்ன தப்பு?

இதை நான் எழுதியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ராத்திரி ஒன்பதரை மணிக்கு சால்வென்ட் (எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்) டேங்க் ஒன்று தீப்பிடித்தது. நான் ஆபீஸ் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அறிக்கை தயாரித்தேன். ஆங்கிலத்தில் ஆறு வரி. அந்த ஆறு வரிக்கு மூன்று பேர் ஒப்புதல் வேண்டும், ஒருவர் விமானத்தில் இருந்தார், ஒருவர் ‘தீ’ என்பதை ‘சம்பவம்’ என்று மாற்றச் சொன்னார். முக்கால் மணி நேரம் போய்விட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு கீழே கேட்டுக்கு வந்தால் நிருபர் ஒருவர்கூட இல்லை. நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள், எல்லோரும் வீட்டு ஆட்கள். கம்பிக் கதவை ஒட்டி தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருவர், இடுப்பில் குழந்தை, வலது காலில் செருப்பு இல்லை, ஓடி வந்ததில் எங்கோ விழுந்திருக்கிறது. நான் தமிழ்க்காரன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். “அண்ணா, அவரு உள்ள இருக்காரா, வெளிய வந்துட்டாரா? அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கம்பெனி ஆட்களின் வருகைப் பதிவு எங்களிடம் இருந்தது. அவர் கணவர் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் ஆட்களின் மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, முக்காதமிடம் (அவர்களை வேலைக்குக் கூட்டிவரும் மேஸ்திரி) இருந்தது, முக்காதம் போனை எடுக்கவில்லை. நான் பேசாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த தாளைக் காட்டி, “இதுல அவர் பேரு இருக்குதா அண்ணா?” என்றார்.

அந்தத் தாளில்தான் நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது என்று எழுதியிருந்தது.

அவர் கணவரை யாரோ ஜீப்பில் ஏற்றி வாஷியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள், இரண்டு கையிலும் தீக்காயம், பிழைத்துக்கொண்டார். இது எங்களுக்குத் தெரிய வந்தபோது ராத்திரி ஒரு மணி. அதுவரை அந்தப் பெண் கேட்டை விட்டு நகரவில்லை.

சரி, வேறு என்னதான் எழுதுவது என்றால், தெரிந்ததை எழுதுங்கள். “இரவு 9.30-க்கு தீப்பிடித்தது. இன்ன பொருள் எரிகிறது. தீ இன்னும் அணையவில்லை. ஷிப்டில் இத்தனை பேர், வெளியே வந்தவர்கள் இத்தனை பேர், மீதிப் பேரைத் தேடுகிறோம். புகை வடக்குப் பக்கம் போகிறது, அங்கே இருப்பவர்கள் ஜன்னலை மூடுங்கள். அடுத்த தகவல் 10.30-க்கு, ஒன்றும் புதிதாக இல்லை என்றாலும் வந்து சொல்வோம்.” அப்புறம் 10.30-க்கு வந்து சொல்ல வேண்டும். 10.40-க்கு வந்தால் கேட்டில் நிற்பவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பத்து வருஷம்.

எத்தனை பேர் பாதிப்பு, எவ்வளவு கசிந்தது என்று சரியாகத் தெரியாதபோது குறைத்துச் சொல்வதுதானே பத்திரம்?

இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் பத்திரம்.

2010 ஏப்ரல் 20-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் செத்தார்கள். கடலடியில் கசிவு ஒரு நாளைக்கு 1,000 பீப்பாய் என்று முதலில் சொன்னார்கள், அப்புறம் 5,000. கடைசியில் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் கணக்கிட்டபோது ஆரம்பத்தில் நாளைக்கு 62,000 பீப்பாய் வரை வந்திருக்கிறது. 87 நாள். அங்கே எண்ணெய் எடுத்த பிபி நிறுவனம் கசிவு அளவைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் கொடுத்ததைக் குற்றமாக 2012-இல் ஒப்புக்கொண்டது. முதலீட்டாளர்களைத் தவறாக நம்ப வைத்ததற்காக மட்டும் தனியாக 52.5 கோடி டாலர் கட்டியது. எண்ணெய் கொட்டியது ஒரு குற்றம் என்றால், அளவைக் குறைத்துச் சொன்னது அதற்கு மேல் இன்னொரு குற்றமானது.

சாவு எண்ணிக்கைக்கும் இதேதான். 2, 5, 12 என்று தினமும் ஏறிக்கொண்டே போனால், உண்மையிலேயே தேடிக் கண்டுபிடித்து ஏறினாலும், மறைத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள் என்றுதான் ஊர் பேசும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் அடுத்த நாள் கத்தரிக்காயைக் காட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆட்கணக்கு இல்லாமல் போவது எவ்வளவு கொடுமை என்பதற்கு 2025 ஜூன் 30-இல் தெலங்கானா பாஷமைலாரத்தில் நடந்த சிகாச்சி ஆலை வெடிப்பைப் பாருங்கள். செத்தவர்களில் பலர் பிகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். டிஎன்ஏ பரிசோதனைக்காக ரத்தம் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்துக்கிடந்தார்கள் குடும்பத்தார்.

எதனால் விபத்து நடந்தது என்று கேட்டால்?

விசாரணை முடிந்த பிறகு. அதுவரை வாயைத் திறக்கக் கூடாத ஒரே கேள்வி இதுதான்.

2024 மே 23-இல் மும்பை பக்கம் டோம்பிவிலி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் வெடிப்பு நடந்த அன்று பாய்லர் வெடித்தது என்றுதான் எல்லா இடத்திலும் செய்தி வந்தது. பிறகு பார்த்தால் அங்கே பதிவுபெற்ற பாய்லரே இல்லை, வெடித்தது ரியாக்டர் (ரசாயனங்களை வினைபுரிய வைக்கும் கலன்) என்றார்கள் அதிகாரிகள். பாய்லர் என்று கேள்விப்பட்டவர் நீராவி, தீக்காயம் என்று நினைப்பார். ரியாக்டர் என்றால் என்ன ரசாயனம், மூச்சில் போனதா என்று கேட்டிருப்பார். ஒரு வார்த்தையில் சிகிச்சையே மாறும்.

இன்னொரு பழக்கம், எவனோ வேண்டுமென்றே செய்த சதி என்று கிளப்புவது. அதிருப்தியில் இருந்த ஒரு தொழிலாளி தொட்டியில் தண்ணீர் விட்டான் என்ற வாதத்தை யூனியன் கார்பைடு பல வருஷம் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொண்டாலும், அன்றைக்குக் குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வெளியேறும் வாயுவை எரிக்கும் ஃப்ளேர் கோபுரம் இணைப்பில் இல்லை. அதற்கு எந்தத் தொழிலாளி காரணம்?

எம்.டி. நேரில் வர வேண்டுமா? வந்தால் அடிப்பார்களே?

வர வேண்டும். கோபத்தை வாங்கிக்கொள்வதும் அந்த நாற்காலியின் வேலைதான்.

1989-இல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது கம்பெனித் தலைவர் லாரன்ஸ் ரால் அங்கே போக ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சின்ன ஊரில் ரசாயனம் ஏற்றிய ரயில் தடம்புரண்டது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். ரயில் கம்பெனியான நார்ஃபோக் சதர்ன் ஆட்கள் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி வரவில்லை. அந்தக் காலி நாற்காலிகள் எந்த அறிக்கையையும்விடச் சத்தமாகப் பேசின.

வந்தும் கெடுத்தவர் உண்டு. பிபியின் தலைமை அதிகாரி டோனி ஹேவார்ட் எண்ணெய் கொட்டிய அந்த மெக்சிகோ வளைகுடாக் கடற்கரைக்கே வந்து நின்றவர்தான். வந்த இடத்தில், எனக்கும் என் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். 11 குடும்பத்துக்கு வாழ்க்கை திரும்பாது என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனார். பிறகு மன்னிப்புக் கேட்டார், பதவியும் போனது. அவரை நான் திட்ட வரவில்லை. ஆறு வாரம் தூங்காத மனிதனை மைக் முன்னால் தனியாக நிறுத்தியதும் தவறுதான். பக்கத்தில் ஒருவர் நின்று, ஐயா இன்றைக்குப் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

போபாலுக்கு யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் நான்கு நாளில் வந்தார், டிசம்பர் 7. கைதானார், ஜாமீனில் விட்டார்கள், அரசு விமானத்தில் டெல்லிக்குப் போனார், நாட்டை விட்டும் போனார். பிறகு எந்தக் கோர்ட்டுக்கும் வரவில்லை, 2014-இல் அமெரிக்காவில் இறந்தார். வந்ததை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, போனதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டால் கோர்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்று வக்கீல்கள் சொல்கிறார்களே?

சொல்வார்கள். இந்தியாவில் இந்த வாதம் பாதிதான் செல்லும்.

போபால் நடந்து ஒரு வருஷம் கழித்து, 1985 டிசம்பர் 4, டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற கடுமையான அமிலப் புகை கசிந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி பகவதி தலைமையில், முழுப் பொறுப்பு என்ற கோட்பாட்டை வகுத்தது. அபாயகரமான தொழில் நடத்துகிறவன், தன் பக்கம் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் சதி செய்திருந்தாலும், இயற்கைச் சீற்றமே ஆனாலும், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும். விதிவிலக்கு கிடையாது.

அப்படி என்றால் நஷ்டஈட்டைப் பொறுத்தவரை நீங்கள் மன்னிப்புக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பணம் கட்டத்தான் போகிறீர்கள். அப்புறம் எதற்கு வாயை இறுக்கி மூடிக்கொள்வது? கிரிமினல் வழக்கு வேறு விஷயம், அங்கே யார் என்ன தப்பு செய்தார் என்பது கேள்வி, அதில் வக்கீல் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் “எங்கள் ஆலையில் நடந்தது, உங்கள் வீட்டு ஆட்கள் போய்விட்டார்கள், எங்களை மன்னியுங்கள், ஆஸ்பத்திரிச் செலவும் அடக்கச் செலவும் எங்களுடையது” என்று சொல்வதால் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது என்பது என் கருத்து. “ஒருவேளை யாருக்காவது அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்” என்பது மட்டும் வேண்டாம். பிணத்தை எடுத்துப்போக வந்தவரிடம் அசௌகரியம் என்று சொல்லலாமா?

எந்த மொழியில் சொல்வது?

கேட்டில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மொழியில். நம் மும்பையில் மராத்தியும் இந்தியும் கட்டாயம் வேண்டும், பல ஆலைகளில் போஜ்புரி, ஒடியா, தமிழும் வேண்டும். ஒலிப்பெருக்கியில் பேச, ஒவ்வொரு மொழிக்கும் அதே ஆலையில் வேலை செய்கிற ஒருவரை முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். ஆங்கில அறிக்கையை மொழிபெயர்க்க ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன்.

பங்குச் சந்தைக்கு எப்போது?

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள்படி நிகழ்வின் வகையைப் பொறுத்து 12 அல்லது 24 மணி நேரத்துக்குள். அதற்கு ஆள் இருக்கிறார், கம்பெனி செகரட்டரி. அவர் வேலையை அவர் பார்ப்பார். ஒன்று மட்டும் கவனியுங்கள். பங்குதாரருக்குப் போன எண்ணிக்கையும் கேட்டில் சொன்ன எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் வதந்திக்கு என்ன செய்வது?

2019 செப்டம்பர் 19 ராத்திரி செம்பூர், காட்கோபர், பவாய், அந்தேரி என்று பல இடத்தில் கேஸ் வாசனை வந்தது ஞாபகம் இருக்கும். தீயணைப்புத் துறைக்குப் போன் மேல் போன். வீட்டுக் குழாயில் எரிவாயு கொடுக்கும் மகாநகர் கேஸ் தங்கள் குழாயில் கசிவு இல்லை என்றது. எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் அரை மணிக்குள் மூன்று ஆலைகளின் பெயர் ஓடிவிட்டது, ஒரு மாமி எல்லோர் வீட்டு சிலிண்டரையும் மூடச் சொல்லிக் கதவு கதவாகத் தட்டினார். அவர் செய்தது சரி. தகவல் வராத இடத்தை வதந்தி நிரப்பும், அதற்கு வதந்தி பரப்பியவரைப் போலீசில் பிடித்துக்கொடுப்பேன் என்று கம்பெனி மிரட்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு குரல் பதிவு, அதே ஆள், அதே குரல், நேரம் சொல்லி ஆரம்பிக்கட்டும். பழைய பதிவு எது புதியது எது என்று கேட்பவருக்கு உடனே தெரியும்.

நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாதா?

வீட்டுக்குச் சொல்லுங்கள் அண்ணே, முதல் வேலையாகச் சொல்லுங்கள். நான் பத்திரமாக இருக்கிறேன் என்பது கம்பெனி ரகசியம் இல்லை. டாக்டரிடம் எந்தப் பொருள் மேலே பட்டது என்று சொல்லுங்கள். போலீசிடமும் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் உண்மையைச் சொல்வதை எந்தக் கையெழுத்தும் தடுக்க முடியாது. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயங்களைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் கம்பெனி வெளிப்படுத்த வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மேலதிகாரியிடம் எச்சரிக்கும் உரிமையும் அதில்தான் தொழிலாளிக்கு வந்தது.

நஷ்டஈட்டை உடனே அறிவித்துவிட்டால் வாயை அடைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்களா?

கொடுத்த விதத்தைப் பொறுத்தது. ஆஸ்பத்திரிச் செலவு, உடலை ஊருக்குக் கொண்டுபோகும் செலவு, முதல் மாதத்துக்குச் சாப்பாட்டுக்கு, இவை அன்றைக்கே கைக்கு வர வேண்டும், எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காமல். பெரிய தொகைக்குப் பிறகு பேசலாம். போபாலில் 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல். கூடுதல் நஷ்டஈடு கேட்டு அரசு போட்ட மறுசீராய்வு (க்யூரேட்டிவ்) மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாற்பது வருஷம் வரைக்கும் அந்தக் கணக்கு தீரவில்லை.

2004 டிசம்பர் 3, போபாலின் 20-ஆவது நினைவு நாள். பிபிசியில் டவ் கெமிக்கல் பிரதிநிதி என்று ஒருவர் வந்து, முழுப் பொறுப்பை ஏற்கிறோம், 1,200 கோடி டாலர் கொடுக்கிறோம் என்றார். டவ் கம்பெனி 2001-இல் யூனியன் கார்பைடை வாங்கியிருந்தது. வந்தவர் ‘யெஸ் மென்’ என்ற குழுவைச் சேர்ந்த போராளி, டவ் ஆளே இல்லை. கம்பெனி உடனே மறுத்தது. அதாவது, அப்படி எந்த வாக்கும் நாங்கள் கொடுக்கவில்லை என்று உலகத்துக்கே அவசர அவசரமாகச் சொன்னது. போபாலில் அந்தச் செய்தியைக் கேட்டு சந்தோஷத்தில் அழுதவர்கள் உண்டு. அவர்களை அந்தக் குழுவும் ஏமாற்றியது என்ற வருத்தம் எனக்கு உண்டு, ஆனால் இருபது வருஷம் சொல்லாமல் விட்ட வாக்கியத்தை யாரோ ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிற நிலைமையில் ஒரு கம்பெனி இருந்தது.

ஒரு வார்த்தையைத் தவிர்த்தால் என்ன பெரிய குற்றம்?

ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலையில் 2011 மார்ச்சில் எரிபொருள் உருகியது. அந்த உலையை நடத்திய டெப்கோ கம்பெனி அதை இரண்டு மாதம் கழித்து மே மாதம்தான் ஒப்புக்கொண்டது. 2016-இல் வெளியான விசாரணை அறிக்கையில், ‘உலை உருகல்’ என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று அப்போதைய தலைவர் ஷிமிசு ஊழியர்களுக்குச் சொன்னது வெளிவந்தது. ஒரு வார்த்தையை மறைத்த செய்தி ஐந்து வருஷம் கழித்துத் தலைப்புச் செய்தியானது. அந்த வார்த்தையை வைத்துத்தான் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

நாங்கள் மாகுல் பக்கம் ஆலை மதிலை ஒட்டிக் குடியிருக்கிறோம். இப்போதே கம்பெனியிடம் என்ன கேட்கலாம்?

2018 ஆகஸ்ட் 8-இல் அங்கே சுத்திகரிப்பு ஆலையில் வெடித்து 40-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்ததை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள், நான் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது. இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். 1989 விதிகளில் 15-ஆவது விதி, பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு அபாயம் என்ன, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கம்பெனி முன்னாலேயே தெரிவிக்க வேண்டும் என்கிறது. சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகக் கேளுங்கள். சொசைட்டி லெட்டர்ஹெட்டில் எழுதி, ஒரு நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ஒரு நகல் கலெக்டர் ஆபீசுக்கும் போகட்டும்.

உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஈரத்துணியா, மாடிக்குப் போவதா, கதவைச் சாத்துவதா என்று மராத்தி, இந்தி, தமிழில் ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். எந்தச் சங்கு எதற்கு என்று கேளுங்கள், ஒருநாள் ஊதிக் காட்டச் சொல்லுங்கள், வீட்டில் பிள்ளைகளும் காது கேட்காத தாத்தா பாட்டியும் இருக்கும் நேரமாகப் பார்த்து. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அந்தப் பட்டியல் போயிருக்கிறதா என்று நீங்களே போய் அவசர சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள். அதுவரைக்கும் வீட்டில் 101, 112, மாநகராட்சி அவசர எண் 1916 மூன்றையும் பெரிதாக எழுதி பிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, உள்ளே வேலைக்குப் போகும் உங்கள் வீட்டு ஆளுக்காக ஒன்று கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விபத்து நடந்தால் கான்ட்ராக்ட் ஆட்களின் மஸ்டர் யார் கையில் இருக்கும்? அவர் பெயர், அவர் போன் நம்பர், அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்த ஆளின் நம்பர். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.